உயிர்காப்புப் படகைப் புதுக்குதல்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய விரிவுரை)

   

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மரப்படகுகளை மீட்டுப் புதுக்கும் பணியாகும். தமிழாசிரியர்க்குத் தச்சுத் தொழிலில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். ஏட்டுச்சுவடியைச் செல்லரித்தபின் தேடி அலைந்த வரலாறு தமிழ் கற்றார்க்கெல்லாம் தெரியும். பழம்பொருள் ஒன்று அழியும் நிலையில் அதனைக் காப்பவன் எதனைக் காக்கிறான், எவ்வளவு காக்கலாம், எதனை விட்டுவிடலாம் என்னும் வினாக்கள் சுவடிக்கும் படகிற்கும் பொதுவாவன. ஆதலின் இப்பொருள் எமக்குப் புறம்பானதன்று.

நம் மொழியில் நீர்மேற் செல்வனவற்றிற்குப் பெயர்கள் பல. கலம், நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி, தோணி, ஓடம், புணை என அவை விரியும். இவற்றுட் புணை என்பது மிதப்பதையும் குறிக்கும். துன்பத்தில் அழுந்துவானுக்குப் பற்றுக்கோடாவதையும் குறிக்கும். கட்டுமரம் என்னும் நம் சொல்லோ ஆங்கிலத்திலும் புகுந்து உலகெங்கும் வழங்குகின்றது. யாம் இன்று சொல்லப்புகும் படகு, புணை என்னும் சொல்லின் இருபொருளுக்கும் உரியது. மீன்பிடித்தற்கும் சரக்கேற்றுதற்கும் அன்றிப் பிறர் உயிரை மீட்டற்கென்றே கட்டப்பட்ட படகு அது. அது பிறந்த நாடு இங்கிலாந்து.

முதலில் அதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்வோம். கி. பி. 1785-இல் இலண்டன் மாநகரில் வண்டிகள் செய்து வாழ்ந்த லயனல் லூகின் என்பார், நீர் நிறைந்தாலும் அமிழாத படகொன்றிற்கு அரசினரிடம் உரிமைப்பட்டயம் பெற்றார். எனினும் மக்கள் நெஞ்சை உலுக்கியது 1789-இல் நேர்ந்த ஒரு துயரமே. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் 'அட்வெஞ்சர்' என்னுங் கப்பல் மணற்றிட்டில் மோதியது. கரையில் ஆயிரக்கணக்கான மக்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். கூப்பிட்டாற் கேட்கும் தொலைவில் கப்பலாட்கள் ஒருவர்பின் ஒருவராய்க் கடலில் வீழ்ந்து மாண்டனர். அவ்வலையில் செல்லத்தக்க படகு ஒன்றேனும் இல்லை. கண்டு நின்றார் மனம் எரிந்தது. சௌத் ஷீல்ட்ஸ் என்னும் அவ்வூர்ப் பெருமக்கள் குழுவொன்று கூட்டி, ஏற்ற படகின் மாதிரியை அமைப்பார்க்கு இரண்டு கினி பரிசு தருவதாகப் பறைசாற்றினர்.

அப்பரிசிற்கு முன்வந்தவருள் வில்லியம் உட்ஹேவ் என்பார் ஒருவர். அவர் கோயிற் கணக்கராய் இருந்த எளிய மனிதர். ஒருநாள் கிணற்றடியில் பெண்ணொருத்தி மொண்டுகொண்டிருந்தபோது உடைந்த மரக்கிண்ணத் துண்டு ஒன்று நீரில் மிதக்கக் கண்டார் என்றும், அதனைக் கவிழ்த்து விடுந்தோறும் அது தானே நிமிர்ந்தது என்றும், அதிலிருந்தே கவிழ்ந்தாலும் நிமிரும் படகின் இலக்கணம் அவர்க்கு விளங்கிற்று என்றும் அவ்வூரார் வழிவழிக் கூறுவர். குழுவினர் பரிசிற் பாதியாகிய ஒரு கினியே அவர்க்குக் கொடுக்க வந்தனர். அவர் அதனை மறுத்துவிட்டார். படகு கட்டும் வேலை ஹென்றி கிரேட்ஹெட் என்னும் படகுத் தச்சர்க்குக் கிடைத்தது. அவர் கட்டிய 'ஒரிஜினல்' என்னும் படகு 1790-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் கடலில் இறங்கி, நாற்பதாண்டு உழைத்தது. 1802-இல் பாராளுமன்றம் கிரேட்ஹெட்டுக்கு 1,200 பவுன் பரிசளித்தது. அறிவைத் தந்தவன் ஒருவன், பொருளைப் பெற்றவன் ஒருவன் என்பது எந்நாட்டிலும் உண்டு போலும்!

பின்னர், மான் தீவில் வாழ்ந்த சர் வில்லியம் ஹில்லரி என்பாரின் முயற்சியால் 1824-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் இதற்கென ஓர் அறநிலையம் இலண்டனில் நிறுவப்பட்டது. 1854 முதல் அஃது அரச தேசிய உயிர்காப்புப் படகு நிலையம் எனப் பெயர் பெற்று விளங்குகின்றது. 2024-இல் இருநூறாண்டு நிறைவெய்திய அந்நிலையம் இதுகாறும் மீட்ட உயிர்கள் 1,40,000-க்கு மேற்படும். அது நடப்பது பெரும்பாலும் மக்கள் மனமுவந்து ஈயும் கொடையாலே. படகேறிச் செல்வாரும் பெரும்பாலார் கூலி கருதாத தொண்டர். மீனவரும் கடைக்காரரும் தச்சருமாய்த் தம் தொழிலைப் பார்த்திருப்பவர். அழைப்பு வந்ததும் கைவேலையை இட்டுவிட்டுக் கடலுக்கு ஓடுபவர்.

இனி அப்படகு எவ்வாறு ஆயது என்பதைக் காண்போம். பழுது இன்னதென்று அறியவேண்டுமாயின் முதலிற் கட்டுமானம் இன்னதென்று அறிதல் வேண்டுமன்றோ?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்ட உயிர்காப்புப் படகிற் பலவகை மரங்கள் தத்தம் இயல்புக்கேற்ற இடத்தில் அமர்ந்திருந்தன. அடியில் நெடுக ஓடும் ஏராமரம் தேக்கு. முன்னே அணியத்திலும் பின்னே அமரத்திலும் நிற்கும் தூண்கள் ஓக்கு. விலாவெலும்பு போன்ற வங்குகள், வளைத்தால் ஒடியாத கனடா நாட்டு எல்ம் மரம். புறத்துப் பலகைகள் நடு அமெரிக்காவின் மகாகனி. பலகை ஒருபுரையன்று, இருபுரை. உட்பலகைகள் ஒருபக்கமாய்ச் சாய்ந்து செல்லும். வெளிப்பலகைகள் அவற்றுக்கு எதிர்ப்பக்கமாய்ச் சாய்ந்து அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும். இரண்டுக்கும் இடையே ஈயவெள்ளையும் எண்ணெயும் தோய்த்த பருத்தித்துணி விரிக்கப்படும். இவ்வளவையும் ஆயிரக்கணக்கான செப்பாணிகள் இறுக்கிப் பிணிக்கும். பின்னிய பாய் எவ்வாறு எப்பக்கம் இழுத்தாலும் கிழியாதோ, அவ்வாறே குறுக்கும் மறுக்கும் அமைந்த இப்பலகைச் சுவரும் அலை எப்பக்கம் அறைந்தாலும் பிளவாது.

அத்துணிக்கு அவர்கள் இட்ட பெயர் காலிகோ என்பது. அப்பெயர் நம் மேலைக் கரையிலுள்ள கோழிக்கோட்டுப் பெயரின் திரிபு. நம் நாட்டு நெசவாளர் புகழ் அவ்வட கடற் படகின் இருபலகைக்கு நடுவே மறைந்து கிடப்பதை எண்ணுங்கால் உள்ளம் மகிழ்கின்றது.

இனிப் படகினுள்ளே காற்றுப்பெட்டிகள் என்பன உண்டு. மெல்லிய பலகையாற் செய்து துணி போர்த்து வண்ணம் பூசிய வெற்றுப் பெட்டிகள் அவை. ஒரு படகில் நூற்றுக்கு மேலும் இருக்கும். படகின் வயிறு ஓரிடத்துப் போல் ஓரிடத்து இராதாகலின் ஒரு பெட்டி இருக்குமிடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஒவ்வொன்றும் தன்தன் இடத்துக்கெனவே அளந்து செய்யப்பட்டது. படகின் வயிற்றில் ஓட்டை விழுந்து கடல் உட்புகுந்தாலும், இப்பெட்டிகள் நிறைந்திருத்தலின் நீர் நிற்க இடமில்லை, படகு மிதக்கும். மேற்றளத்தில் வந்து விழும் நீரோ தானே வடிந்தோடுமாறு வடிகுழாய்கள் உண்டு.

இங்ஙனம் பேரறிவோடு கட்டப்பட்ட படகுகள் ஏன் கைவிடப்பட்டன? காலம் மாறியதே காரணம். துடுப்பும் பாயும் கொண்டு சென்றவை ஒழிந்து 1905-ஐ ஒட்டி எண்ணெய்ப் பொறி வந்தது. துடுப்பு வலிக்கும் கடைசி உயிர்காப்புப் படகு விட்பி என்னும் ஊரில் 1957-இல் ஓய்வு பெற்றது. 1960-களில் எஃகுப் படகுகள் வந்தன. அதன்பின் அலுமினியமும் இழைக்கூட்டுப் பொருளும் வந்தன. 1980-களின் தொடக்கத்தோடு பெரிய மரப்படகு கட்டுதல் நின்றது. விரைந்து செல்லும் புதுப்படகால் மிகுதியான உயிர் மீளுமாயின் அதனைக் கொள்ளுதலே அறம். அந்நிலையத்தாரைக் குறைகூற இடமில்லை. பழையன விற்கப்பட்டன.

விற்கப்பட்ட படகின் கதி யாது? பணியிலிருந்த காலத்தில் அது கூரையுள்ள கொட்டிலில் வாழ்ந்தது. காலந்தவறாது வண்ணம் பூசப்பெற்றது. விற்கப்பட்டபின் வெளியே கிடந்தது. வாங்கியவர் உல்லாசப் பயணத்துக்கென அறைகள் எழுப்பினர். இடத்தை அடைக்கின்றன என்று காற்றுப்பெட்டிகளைப் பிடுங்கி எறிந்தனர். பின்னர் அவர் மூப்படைந்தார், அல்லது பொருள் சுருங்கினார். படகு ஏதோ ஒரு சேற்றுக் கழியில் தனித்து நின்றது.

இங்கு யாவரும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. கடல்நீர் மரத்தை அழிப்பதினும் மழைநீர் விரைந்து அழிக்கும். மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேற்பட்டால் அது வேர்கொள்ளும். உப்பு அதற்குப் பகை. நன்னீர் அதற்கு உணவு. ஆதலின் மேற்றளத்தில் மயிரிழை போன்ற வெடிப்பொன்றின் வழியே மழைத்துளி இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தங்குமாயின், வெளிவண்ணம் பளபளவென்றிருக்க உள்ளே மரம் பஞ்சாய்விடும். இரும்பாணி அறைந்த இடமோ இன்னும் கேடு. ஓக்கு மரத்தின் துவர்ப்புப் புளிப்பு இரும்பைத் தின்னும். தின்னப்பட்ட இரும்பின் துரு திரும்ப மரத்தைத் தின்னும். தாங்குகட்டை சரியாக இடாது கரையேற்றி வைப்பின் ஏராமரத்தின் இருமுனையும் தொங்கி, நடு முதுகு கூன்படும். வெயிலிற் கிடப்பின் பலகை சுருங்கி மூட்டுவாய் திறக்கும். பெரும்புயலுக்கு அஞ்சாத படகைச் சிறுதுளியும் சிறு புறக்கணிப்பும் கொன்றுவிடுகின்றன.

இனிப் புதுக்கும் முறையைக் கூறுவோம். இதுவே நம் பொருளின் உயிர்நிலை.

முதற்பணி உளியெடுப்பதன்று, கூரை போடுதல். மழையைத் தடுத்து, காற்றை உள்ளே விட்டு, கூன்படாதவாறு பல இடங்களில் தாங்குகட்டை கொடுத்துப் படகை நிறுத்தல் வேண்டும். நோயாளியைப் படுக்கையிற் கிடத்தாமல் மருந்து தேடுவார் உண்டோ?

இரண்டாவது பணி எழுதுதல். ஒவ்வோருறுப்பையும் அளந்து, படமெடுத்து, எண்ணிட்டுக் குறிப்பேட்டில் ஏற்றுதல் வேண்டும். பிரித்தபின் நினைவை நம்புதல் பேதைமை. ஐக்கிய இராச்சியத்தில் வரலாற்றுக் கப்பல்களைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு இத்தொழிற்கு மூன்று வழிகாட்டி நூல்களை வெளியிட்டுள்ளது. ஒன்று பதிவு செய்யும் முறை. ஒன்று பிரித்தழிக்கும் முறை. ஒன்று பேணும் முறை. பிரித்தழித்தற்கும் ஒரு நூல் எற்றுக்கு என வினவலாம். காக்க இயலாத கலத்தை அழிக்க நேரின், அதன் அறிவையேனும் எழுதிவைத்துவிட்டு அழிக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. உடலைக் காக்க முடியாதபோது பெயரைக் காத்தல் போல்வது இது.

மூன்றாவது, பின்னாள் ஏற்றிய அறைகளையும் பல அடுக்கு வண்ணத்தையும் நீக்குதல். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தலின் அதன் தூள் நஞ்சாகும். மூக்கும் வாயும் மூடியே சுரண்டல் வேண்டும். பொறுமையுடன் சுரண்டுவார்க்கு அடியில் முதல் வண்ணம் தோன்றும். நீலமும் வெள்ளையும் சிவப்புமாய் அப்படகு அணிந்திருந்த பழைய உடை தெரியும்.

நான்காவது, உளுத்த உறுப்புக்களை மாற்றுதல். இங்கே தான் தச்சன் அறிவு விளங்கும். உளுத்ததெல்லாம் ஒருங்கே பெயர்த்தெறிந்தால் படகு தன் வடிவை மறந்துவிடும். ஒரு வங்கை எடுத்தால் அவ்விடத்தில் ஒன்றை வைத்துவிட்டே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். புது வங்கினை நீராவிப் பெட்டியில் இட்டு, ஓரங்குலக் கனத்துக்கு ஒருமணி நேரம் என்னும் கணக்கில் வேகவைப்பர். வெளியே எடுத்ததும் கைச்சூடு ஆறுமுன் வளைத்து இறுக்கிவிடவேண்டும். ஒரு நொடிப்பில் தாழ்த்தாலும் மரம் இணங்காது. ஒருவன் எடுக்க, ஒருவன் வளைக்க, ஒருவன் பிணிக்க, மூவரும் பேச்சின்றி ஒருமனப்படும் வேலை அது. நூலிற் படித்தவனுக்கு அது வராது. செய்தவன் பக்கத்தில் நின்றவனுக்கே வரும்.

இருபுரைப் பலகையிற் பழுது நேரின் இடர் மிகுதி. உட்பலகை ஒருசாண் உளுத்திருந்தாலும், குறுக்கே செல்லும் வெளிப்பலகைகள் பலவற்றை எடுத்தாலன்றி அதனை அணுகவியலாது. இடையிலுள்ள துணி கிழிந்திருப்பின் வேறு படகிற்போலப் பஞ்சும் கீலும் திணித்து ஒழுக்கை அடைக்கவும் ஒண்ணாது. ஒவ்வொரு செப்பாணியையும் பெயர்த்து, பலகையெடுத்து, துணி மாற்றி, எண்ணெயிட்டு, மீண்டும் அறைதல் வேண்டும். ஓராள் உள்ளிருந்தும் ஓராள் வெளியிருந்தும் அறையவேண்டுதலின் தனியாள் செய்யவியலாத தொழில் இது.

ஐந்தாவது, நல்ல மரத்தைத் தொடாதிருத்தல். இதனை ஒரு பணியாக எண்ணுவார் சிலரே. ஒரு பலகையின் நுனி மட்டும் உளுத்திருப்பின் நுனியை மட்டும் சாய்வாய் அறுத்து, ஒன்றுக்கு எட்டு என்னும் நீண்ட சாய்வில் புதுமரத்தை ஒட்டவைத்தல் முறை. முழுப்பலகையும் மாற்றுதல் எளிது, விரைவிலும் முடியும். ஆயின் பழந்தச்சன் இழைத்த மரம் எவ்வளவு எஞ்சுகின்றதோ அவ்வளவே அப்படகு எஞ்சும். எடுப்பதிற் கைவன்மையும் விடுவதில் அறிவும் வேண்டும்.

இவ்வாறு செய்து கண்ட படகுகளின் கதைகள் சிலவற்றை இனிக் கேளுங்கள்.

'மேரி ஸ்டான்ஃபோர்டு' என்னும் பெயர் தாங்கிய படகுகள் இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் தென்கரையில் ரை ஹார்பர் என்னுஞ் சிற்றூரில் இருந்தது. 1928-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் கடும்புயலில், தவிக்கும் கப்பலொன்றை நோக்கி அது சென்றது. அக்கப்பலோரை வேறொரு கப்பல் மீட்டுவிட்டதென்று செய்தி வந்து, திரும்புக என அடையாளம் காட்டினர். அலைத்திவலையில் அது படகினர் கண்ணுக்குத் தெரியவில்லை. மீளும்போது படகு கவிழ்ந்து பதினேழு பேரும் மாண்டனர். ஒரு சிற்றூரில் ஒருநாளிற் பதினேழு சாவுகள். தந்தையும் மக்களும், உடன்பிறந்தாருமாய்ப் போயினர். அப்படகு பின்னர் உடைக்கப்பட்டது. அதனை மீண்டும் காண அவ்வூரார்க்கு மனமிருந்திராது. அதனைத் தவறென்று சொல்ல யாம் யார்? ஆனால் அது புறப்பட்ட கொட்டில் இன்றும் அக்கடற்கரையில் வெறுமையாய் நிற்கின்றது. காண்பார் அதன்முன் நின்று தலைவணங்கிச் செல்கின்றனர்.

மற்றொரு 'மேரி ஸ்டான்ஃபோர்டு' 1930-இற் கட்டப்பட்டு அயர்லாந்தில் பாலிகாட்டன் என்னும் ஊரில் இருந்தது. 1936 பெப்ருவரியில் டாண்ட் பாறையருகே நிறுத்தப்பட்டிருந்த விளக்குக் கப்பல் புயலில் நங்கூரம் அறுந்து அலைந்தது. பாலிகாட்டன் தொண்டர் போதிய உறக்கமும் ஊணுமின்றி மூன்று நாட்கள் உழைத்து, முடிவில் எண்மரையும் மீட்டனர். தலைவன் பாட்ரிக் ஸ்லைனி பொற்பதக்கம் பெற்றான்; படகிற்கும் ஒரு பொற்பதக்கம் வழங்கினர். 1959-இல் அப்படகு ஊரை விட்டகன்றது. பின் விற்கப்பட்டுத் துறைமுகவேலை செய்தது. இறுதியில், டப்ளின் நகர்க் கால்வாய்த்துறை ஒன்றில் நாதியற்றுக் கிடந்தது. பொற்பதக்கம் பெற்ற படகு பாசிபடிந்து கிடந்த நிலையைக் கேட்ட ஊரார் பொருள்திரட்டி, 2014-இல் அதனைத் தம்மூர்க்கு மீட்டுக்கொணர்ந்து பழுதுபார்த்துக் கடலை நோக்கிய மேட்டில் நிறுத்தியுள்ளனர். அது மீண்டும் கடலிற் செல்லாது. செல்ல வேண்டுவதுமில்லை. தன் முன்னோர் எவ்வளவு சிறிய மரக்கலத்தில் எவ்வளவு பெரிய கடலை எதிர்த்தனர் என்பதை அவ்வூர்ச் சிறுவன் கண்ணாற் காண்கின்றான், அது போதும்.

மூன்றாவது, 'லூசி லேவர்ஸ்' என்பது. 35½ அடி நீளமுள்ள இப்படகு 1940-இல் வைட் தீவின் கௌஸ் நகரிற் கட்டப்பட்டது. ஆல்ட்பரோ என்னும் ஊர்க்கு உரியது. புத்தம்புதிதாய் இருந்தபோதே போர் அதனை அழைத்தது. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சு நாட்டு டன்கிர்க் கரையிலிருந்து 3,38,226 படைவீரர் மீட்கப்பட்டனரல்லரோ, அப்பணிக்குச் சென்ற பத்தொன்பது உயிர்காப்புப் படகுகளுள் இதுவும் ஒன்று. 1959 வரை ஆல்ட்பரோவிலும், 1968 வரை ஈடுகட்டும் படகாகவும் உழைத்து, பின் விற்கப்பட்டுப் பலர் கைமாறியது. அதனை நார்ஃபோக் நாட்டுப்புறத்தில் ஸ்டிஃப்கீ என்னும் ஊரில் மரப்படகுகளை மீட்பதற்கென்றே அமைந்த அறநிலையத்தார் ஏற்றுப் புதுக்கினர். எழுபத்தைந்து ஆண்டு கழித்து 2015-இல் அப்படகு தன் சொந்த வலியாற் கடல்கடந்து மீண்டும் டன்கிர்க் சென்று திரும்பியது!

நான்காவது, எல்லாவற்றினும் மூத்தது, 'ஜெட்லண்ட்'. கிரேட்ஹெட் 1802-இற் கட்டிய இப்படகு ரெட்கார் என்னும் ஊரில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை மீட்டது. 1864-இல் புதுப்படகு வந்ததும் இதனை உடைக்க முற்பட்டனர். ஊர்மக்கள் திரண்டுவந்து தடுத்தனர். அவர்கள் தடுத்தது வீண்போகவில்லை. 1880-இற் புயலொன்றில் மற்றைப் படகுகள் பழுதுற்றபோது இக்கிழப்படகே கடலிறங்கி உயிர்களை மீட்டது. இன்று உலகில் எஞ்சியுள்ள உயிர்காப்புப் படகுகளுள் இதுவே மிகப் பழமையானது.

அன்பர்களே! இவற்றைக் கேட்டபின் எழத்தக்க தடைகள் இரண்டு.

முதலாவது தடை: உயிர்காக்கும் புதுப்படகிற்குப் பொருள் வேண்டியிருக்க, உழைப்பொழிந்த பழம்படகிற்குச் செலவிடுதல் அறமாமோ என்பது. வலிய தடையே. பசித்தவனுக்கு உணவளிக்கும் பணத்தை எடுத்துப் பழஞ்சுவரைப் பூசுதல் தகாது. ஆதலினாலன்றோ, மேற்சொன்ன படகுகளை மீட்டோர் அதற்கென வேறு பொருள் திரட்டினர். மேலும், எல்லாப் படகும் காக்கத்தக்கதன்று. உளுத்தது முக்காலாயின் அதனை அளந்தெழுதி விடைகொடுத்தலே முறை. ஆனால், காக்கத்தக்கதைக் காப்பதால் மீள்வது படகு மட்டுமன்று, தொழிலும் மீள்கின்றது. வங்கு வளைக்கவும் செப்பாணி அறையவும் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். அவர் கையிலுள்ளதை இளைஞர் கை பற்றிக்கொள்ள ஒரு வேலை வேண்டும். வேலையின்றி வெறும் பேச்சாற் கைத்தொழில் வாராது. பழம்படகே அவ்விளைஞர்க்குப் பள்ளிக்கூடம்.

இரண்டாவது தடை: ஒவ்வொரு பலகையாய் மாற்றிக்கொண்டே வரின், முடிவில் நிற்பது பழைய படகோ, வேறொன்றோ என்பது. இது புதிய வினாவன்று. ஆதென்சு நகரத்தார் தீசியசு என்னும் தலைவனின் மரக்கலத்தைப் பலகை மாற்றி மாற்றி நெடுங்காலம் பேணினர் என்றும், அதுபற்றி அறிஞர் இருதிறமாய் வழக்கிட்டனர் என்றும் புளூட்டார்க்கு என்னும் ஆசிரியர் எழுதியுள்ளார். எம் கருத்து இது: மாற்றுவோன் பழையதன் அளவையும் மரத்தையும் மூட்டையும் கற்று அதற்கு அடங்கி மாற்றினால் அது அப்படகே. தன் மனம்போல் மாற்றினால், ஒரு பலகையை மாற்றினாலும் அது வேறு படகு. அடக்கமே தொடர்ச்சியைத் தருவது. ஏட்டைப் பெயர்த்தெழுதுவோனும் அத்தன்மையனே. பழைய ஓலை மடிந்துபோம். எழுத்தைத் திரிக்காது புதிய ஓலையில் எழுதியவன் நூலைக் காத்தான். தன் கருத்தைச் செருகியவன் நூலைக் கெடுத்தான்.

இனி நமக்கு ஆவதென்ன? நம் சங்கத்தார் பலர் வீட்டு முன்னோர் கைத்தொழிலும் கருவிகளும் கணக்குச் சுவடிகளும் உடையராய் இருந்தனர். இன்று நம் இளைஞர் கல்லூரி ஏறுகின்றனர், அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயின் கற்றவன் கைவேலையை இழிவென எண்ணுவானாயின் அவன் கல்வி மழைத்துளி இறங்கும் வெடிப்பாகவே முடியும். ஆதலின் மூன்று சொல்லி நிறுத்துகிறோம். முதியோர் அறிந்த தொழிலை, அவர் உள்ளபோதே அருகிருந்து கற்றுக்கொள்ளுங்கள். கற்க இயலாதாயின் அளவும் பெயரும் முறையுமாக எழுதியேனும் வையுங்கள். பொதுப்பொருள் எதுவாயினும், உளுத்தபின் புதுக்க ஓடாமல், ஒழுகத் தொடங்கும்போதே கூரையைப் பாருங்கள். ஆயிரம் செலவிட்டுச் செய்வதை அன்றைக்கு ஒரு கைப்பிடிச் சாந்து செய்துவிடும்.

பிறர் உயிர் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்த எளிய மக்களின் கலங்கள் அவை. அவற்றைக் காத்தவர்களும் எளிய மக்களே. எந்நாட்டார் செயலாயினும் நல்லதைக் கண்டு மகிழ்தலும், நம்மிடத்துள்ளதை அவ்வாறே பேணுதலும் நம் கடன்.